தேயிலையிற் சேர்தலும் பிரிதலும்

அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் பேருந்திற் செல்வோர், வழியிலே தேயிலைத் தொழிற்சாலை எங்குள்ளது என்பதைக் கண்ணாற் காண்பதற்கு முன்னரே மூக்கால் அறிந்துகொள்வர். அந்த மணம் ஒரு மாயமன்று. இலையைவிட்டுப் பிரிந்து காற்றோடு கலந்த நுண்ணிய துணிக்கைகள் நம் நாசியை வந்தடைகின்றன, அவ்வளவே. ஆயினும், அவை முன்னர் இலையோடு ஏன் சேர்ந்திருந்தன, இப்பொழுது ஏன் பிரிந்தன என்று வினவத் தொடங்குவோமாயின் இரசாயனவியலின் அடிப்படை முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியிருப்பதைக் காண்போம். பொருள்கள் எவ்வாறு பிணைகின்றன, எவ்வாறு கரைகின்றன, கலந்தவற்றை மீண்டும் எவ்வாறு பிரித்தெடுக்கலாம் என்பன இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவை. இவற்றை விளக்கப் பரிசோதனைக்கூடத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. மலையகத்தார் 'ஸ்டோர்' என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையும், லயத்து அடுப்பின் மேல் இருக்கும் கேத்தலும் போதும்.

முதலிற் பிணைப்பு என்பது யாது என்று நோக்குவோம். நீரின் மூலக்கூறு ஒன்றிலே இரண்டு ஐதரசன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் உள்ளன என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. இம்மூன்றும் தம் இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொண்டு இறுகப் பற்றி நிற்கின்றன. இதனைவிட மெல்லிய வேறொரு பற்றும் உண்டு. ஒரு நீர் மூலக்கூற்றின் ஐதரசன், அடுத்த மூலக்கூற்றின் ஒட்சிசனை நாடி அதனோடு சாய்ந்து நிற்கும். இதனை ஐதரசன் பிணைப்பு என்பர். உள்ளே இருக்கும் பிணைப்பின் வலிமையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே இதற்கு உண்டு.

ஒரு லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகக் காம்பராக்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். குடும்பத்தினுள் இருக்கும் உறவு ஒன்று. அடுத்த காம்பராவோடு உள்ள உறவு மற்றொன்று. ஒரு குடும்பம் லயத்தைவிட்டு வேறு தோட்டத்துக்குப் போய்விடுமாயின் அண்டை வீட்டு உறவு அறுகின்றதேயன்றிக் குடும்பம் சிதைவதில்லை. நீர் கொதித்து ஆவியாகும்போது நடைபெறுவதும் இதுவே. மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் தன்னளவில் நீராகவே இருக்கின்றது. ஐதரசனும் ஒட்சிசனும் தனித்தனியே பிரிவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால் இனி வருவன அனைத்தும் எளிதில் விளங்கும்.

கொழுந்துக் கூடையிலிருந்து இறக்கப்படும் பச்சைக் கொழுந்தின் எடையில் நாலில் மூன்று பங்குக்கும் சற்று மேலாக நீரே உள்ளது. தொழிற்சாலையின் வாட்டும் மாடியிலே, நீண்ட தொட்டிகளில் வலைமேற் பரப்பப்பட்டு, அடியிலிருந்து ஊதப்படும் காற்றிலே அது பல மணிநேரம் வாடுகின்றது. 100 கிலோ கொழுந்து வாடி முடியும்போது ஏறக்குறைய 50 கிலோவாகக் குறைந்துவிடும். போனது பெரும்பாலும் நீர். அண்டை வீட்டு உறவு அறுந்து, நீர் மூலக்கூறுகள் காற்றோடு போய்விட்டன. கொழுந்து துவண்டு, உருட்டுவதற்கு ஏற்ற பதத்தை அடைகின்றது.

அடுத்து உருட்டல். இதுவரை நடந்தது பெரும்பாலும் பிரிவு. இனி நடப்பது மாற்றம். தேயிலையின் உயிரணு ஒவ்வொன்றிலும், பொலிபீனோல்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் ஓர் அறையிலும், அவற்றை ஒட்சிசனோடு சேர்த்துவைக்கவல்ல நொதியம் மற்றோரிடத்திலும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. பழைய நூல்கள் இப்பொலிபீனோல்களைப் பொதுப்படத் 'தனின்' என்று குறிப்பிட்டன. உருட்டும் இயந்திரம் உயிரணுக்களை நசுக்கி அந்த அறைச்சுவர்களை உடைத்துவிடுகின்றது. இரண்டும் கலக்கின்றன; காற்றின் ஒட்சிசனும் வந்து சேர்கின்றது. பழைய பிணைப்புக்கள் அறுந்து புதியன உண்டாகின்றன. பச்சை நிறம் செம்பழுப்பாகின்றது. பச்சை வாடை போய்த் தேயிலை மணம் பிறக்கின்றது. அந்த ரோதைகளுக்குக் காவலாக ரோதைமுனி என்றொரு தெய்வத்தை மலையகத்தார் வணங்கி வந்திருப்பது, இவ்விடத்தில் ஏதோ பெரிய காரியம் நடைபெறுகின்றது என்னும் உணர்ச்சியாலும் இருக்கலாம்.

தொழிற்சாலையில் இதனை இன்றும் 'நொதித்தல்' என்ற பொருள்படவே வழங்குகின்றனர். கள் புளிப்பதுபோல் நுண்ணுயிர்கள் செய்யும் வேலையன்று இது. ஒட்சியேற்றம் என்பதே பொருந்தும். வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் கறுப்பதும் இதே வகையான நிகழ்ச்சியே. கொழுந்து கொய்யும் பெண்களின் விரல்நுனிகளைப் பார்த்தவர்கள் அங்கே படிந்திருக்கும் கருங்கறையை அறிவர். கொய்யும்போது கசியும் சாறு காற்றுப் பட்டு விரலின் மேலேயே ஒட்சியேறுகின்றது. தொழிற்சாலையில் நடைபெறுவதற்கு முன்பே, சிறிய அளவில், அது அவர்களின் கைகளில் நடந்துவிடுகின்றது. சவர்க்காரத்தால் அக்கறை எளிதிற் போவதில்லை. ஏனெனில் அது ஒட்டிய அழுக்கன்று. புதிதாகப் பிறந்த சேர்வை.

இவ்வாறு பிறக்கும் சேர்வைகளில் இரண்டு வகையின, தேநீரின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. பொன்னிறமும் சுறுசுறுப்பான சுவையும் தருவன தியாஃபிளேவின்கள். அடர்ந்த செம்பழுப்பு நிறம் தருவன தியாரூபிஜின்கள். 1950களின் இறுதியில் ரொபேட்ஸ் என்னும் ஆங்கில இரசாயனர் இவற்றை வேறுபிரித்துக் காட்டினார். நம் நாட்டிலே 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இலையின் இரசாயனத்தை ஆராய்ந்து வருகின்றது. ஒட்சியேற்றம் போதிய அளவு ஆனதும் இலை சூடான காற்றில் உலர்த்தப்படுகின்றது. ஏறக்குறைய 20 நிமிடத்தில், எஞ்சும் ஈரம் நூற்றுக்கு 3 பங்களவுக்கு வந்துவிடும். வெப்பத்தால் நொதியமும் செயலிழந்து விடுவதால் மாற்றம் நின்றுவிடுகின்றது. நேரத்தைக் கணிக்கும் டீமேக்கரின் மூக்கும் கண்ணும் இங்கே எந்தக் கருவிக்கும் குறைந்தவையல்ல.

உலர்ந்த தேயிலை ஒரு கலவை. பெரிய துண்டு, சிறிய துண்டு, தூள், நார், காம்பு யாவும் அதில் உண்டு. கலவை என்பதன் இலக்கணம் என்னவெனில், உள்ளிருக்கும் பொருள்கள் தத்தம் இயல்பை இழவாமல் அருகருகே இருப்பதாகும். ஆதலால் ஒரு பிணைப்பையும் அறுக்காமல் அவற்றைப் பிரிக்கலாம். இயல்பிலே ஏதேனும் ஒரு வேறுபாடு இருந்தாற் போதும். அளவிலே வேறுபாடு இருப்பின் சல்லடை பிரிக்கும். பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பெட்டிகளிற் காணும் பெயர்கள் பெரும்பாலும் எந்தக் கண்ணறைச் சல்லடையில் நின்றது என்பதையே சொல்கின்றன. எடையிலே வேறுபாடு இருப்பின் காற்று பிரிக்கும். நம் தாய்மார் முறத்திற் புடைப்பதும் அதுவே. இயந்திரத்திலிருந்து தேய்ந்து விழுந்த இரும்புத் துகளைக் காந்தம் பிரிக்கும்.

இவற்றுள் எனக்கு மிகவும் வியப்பளிப்பது நார் பிரிக்கும் முறை. செம்பழுப்பான நாரும் காம்பும் சல்லடைக்கும் காற்றுக்கும் தப்பிவிடுகின்றன. அவற்றைப் பிடிப்பதற்குப் பிளாத்திக்கு உருளைகளைக் கம்பளித் துணியில் உராயச்செய்து மின்னேற்றம் பெறவைக்கின்றனர். சீப்பைத் தலையில் உராய்ந்து காகிதத் துண்டுகளின் அருகே காட்டினால் அவை தாவி ஒட்டிக்கொள்வதைச் சிறுவர்கள் விளையாட்டாகச் செய்வார்கள் அல்லவா? அதே விளையாட்டுத்தான். தேயிலையோடு நாரும் காம்பும் கிடக்க, மேலே உருளை சுழல்கின்றது. நார் தாவி ஏறுகின்றது. தேயிலை கீழே தங்குகின்றது. இன்று நிறத்தைக் கண்டு பிரிக்கும் கணினி இயந்திரங்களும் வந்துவிட்டன.

இனிக் கேத்தலுக்கு வருவோம். தேயிலையைக் கொதிநீரில் இடும்போது அதன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே கரைகின்றது. எஞ்சியது சக்கையாக நிற்கின்றது. கரைதல் என்றால் என்ன? உப்பை எடுத்துக்கொள்வோம். அதிலே சோடியம் நேரேற்றத்தோடும் குளோரின் எதிரேற்றத்தோடும் அயன்களாக அடுக்கடுக்காக அமைந்துள்ளன. நீர் மூலக்கூற்றுக்கும் ஒருபுறம் சிறிது நேரேற்றமும் மறுபுறம் சிறிது எதிரேற்றமும் உண்டு. ஆகவே நீர் மூலக்கூறுகள் உப்பின் அயன்களைச் சூழ்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போகின்றன. சீனிக்கு அயன்கள் இல்லை. ஆனால் அதன் மூலக்கூறு நெடுகிலும் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த கைகள் பல உண்டு. நீரோடு ஐதரசன் பிணைப்புக் கொள்ள அவை போதும். எண்ணெய்க்கு அத்தகைய கைகள் இல்லாமையால் அது நீரில் ஒதுங்கி நிற்கின்றது. சீனி கரைந்தபின்னும் சீனியே. நீரை வற்றவைத்தால் மீண்டும் கிடைக்கும். ஆனையிறவிலும் அம்பாந்தோட்டையிலும் புத்தளத்திலும் கடல்நீரை வெயிலில் வற்றவைத்து உப்பெடுப்பது இதனாலன்றோ இயல்கின்றது?

வெப்பம் எல்லாப் பொருளையும் ஒரே அளவிற் கரைப்பதில்லை. அறை வெப்பநிலையில் 100 மில்லிலீற்றர் நீரில் 36 கிராம் உப்புக் கரையும். கொதிநிலையிலும் 39 கிராமே. தேயிலைக்கு உற்சாகந் தரும் கஃபீன் அப்படியன்று. அறை வெப்பநிலையில் 2 கிராம் அளவே கரையும் அது, கொதிநீரில் 66 கிராம்வரை கரையும். தேயிலையைப் பச்சைத் தண்ணீரிற் போட்டு உடனே குடிக்க இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவாதலால் நீர் மூலக்கூறுகள் எளிதிற் பிரிந்து எழுகின்றன. கொதிநிலை 94 பாகை அளவே. அட்டனில் 96 பாகை. கொழும்பிலிருந்து விருந்தினராக வருவோர் பருப்பு வேகவில்லை என்று குறைகூறுவது சமையற்காரரின் குற்றத்தால் மட்டுமன்று.

கஃபீனைப் பிரித்தெடுத்த வரலாறு சுவையானது. 1819ஆம் ஆண்டில் யேர்மனியக் கவிஞர் கோதே, உரூங்கே என்னும் இளம் இரசாயனரின் திறமையைக் கண்டு மகிழ்ந்து ஒரு பிடி காப்பிக் கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னாராம். அதிலிருந்து உரூங்கே கஃபீனைப் பிரித்தெடுத்தார். 1827இல் ஊத்றி என்பவர் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதற்குத் 'தேயீன்' என்று பெயரிட்டார். இரண்டும் ஒன்றே என்பது 1838இல் நிறுவப்பட்டது: 8 காபன், 10 ஐதரசன், 4 நைதரசன், 2 ஒட்சிசன். நமது மலைநாட்டின் வரலாறும் இதனோடு இசைந்து நிற்கின்றது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிலே தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். 1869இல் காப்பிச் செடியை இலைத்துரு நோய் பற்றியது. மலைச்சரிவுகளிலே காப்பி போய்த் தேயிலை வந்தது. பயிர் மாறியது, கஃபீன் மாறவில்லை.

மாணவர்கள் இதனைப் பரிசோதனைக்கூடத்திலே செய்து பார்ப்பதுண்டு. தேயிலையைக் கல்சியம் காபனேற்றுடன் நீரிற் கொதிக்கவைத்து வடிப்பார்கள். துவர்ப்புப் பொருள்களிற் பெரும்பகுதி கல்சியத்தோடு சேர்ந்து தங்கிவிடும். குளிர்ந்த வடிநீரை இருகுளோரோமெதேன் என்னும் திரவத்தோடு சேர்த்து மெல்ல அசைப்பார்கள். நீரும் அதுவும் கலவாமல் இரண்டு படையாக நிற்கும். கஃபீன் நீரைவிட அதனை நாடுவதால் கீழ்ப் படைக்கு இறங்கிவிடும். அப்படையைத் தனியே இறக்கி ஆவியாக்கினால் வெண்ணிறமான பொருள் எஞ்சும். அதுவே கஃபீன். ஆசிரியரின் மேற்பார்வையின்றி வீட்டிலே இதனைச் செய்யலாகாது. அத்திரவத்தின் ஆவி தீங்கு தருவது.

தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கல்சியத்தோடு சேர்ந்தன என்றேன். அவை இரும்போடு சேர்வது இதனினும் வலியது. இரவு எஞ்சிய கடுஞ்சாயத்திலே துருப்பிடித்த ஆணி ஒன்றை இட்டு வையுங்கள். காலையிலே மை போலக் கறுத்திருக்கும். உவமைக்காக மை என்று சொல்லவில்லை. ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுகளாக எழுதிய மை இவ்வகைச் சேர்வையே. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவோர், கடுக்காய் தோய்த்த துணியின் மேல் இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் எழுதுவதும் இதே உண்மையைக் கொண்டுதான். பொலிபீனோல் மூலக்கூற்றிலே அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஒட்சிசன்கள், நண்டு தன் கொடுக்கால் இரையைக் கவ்வுவதுபோல் இரும்பணுவைக் கவ்வுகின்றன. கவ்விய பிடி எளிதில் நெகிழாது.

துணியில் நிகழ்ந்தால் அது சாயம். வயிற்றில் நிகழ்ந்தால்?

நேயர்களே, நம் குருதியின் செந்நிறத்துக்குக் காரணமான ஈமோகுளோபினின் நடுவில் இரும்பு உள்ளது. நுரையீரலில் ஒட்சிசனைப் பற்றி உடலெங்கும் கொண்டுசெல்வது அதுவே. இரும்பு குறைந்தால் குருதிச்சோகை உண்டாகின்றது. மேட்டிலே கூடை சுமந்து ஏறும்போது மூச்சு வாங்குதல், தலைசுற்றல், கை சோர்தல் யாவும் அதன் அறிகுறிகள். தோட்டப்புறத் தாய்மாரிடையே இந்நோயைப் பற்றி மருத்துவர்கள் கவலை கொள்வது இன்று நேற்றன்று. தாவர உணவிலுள்ள இரும்பு குடலிலே கரைசலாக இருந்தாலன்றி உடலிற் சேராது. உணவோடு கடுந்தேநீர் சேர்ந்தால், ஆணியிட்ட கோப்பையில் நடந்தது குடலிலும் நடக்கின்றது. இரும்பு சேர்வையாகி, உறிஞ்சப்படாமலே கழிகின்றது. 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு ஒன்றின்படி, ரொட்டியோடு தேநீர் அருந்தியோருக்கு அந்த ரொட்டியின் இரும்பு சேர்ந்த அளவு, தேநீரின்றி உண்டபோது சேர்ந்ததில் மூன்றிலொரு பங்களவே. ரொட்டியும் சாயமும் காலை உணவாகக் கொண்டு மலைக்குப் புறப்படுவோர்க்கு இது சிறிய செய்தியன்று. தோட்டத்து வீடுகளில் ஊற்றப்படுவது பெரும்பாலும் தூள் தேயிலை என்பதையும் நினைக்கவேண்டும். துணிக்கை சிறிதாகுந்தோறும் நீர் படும் பரப்பு மிகுவதால் சாயமும் விரைவில் கடுமையாக இறங்கும்.

எனினும் தேநீரின் மேல் பழி முழுவதையும் சுமத்துதல் நீதியன்று. கொளுக்கிப்புழு குருதியை உறிஞ்சுகின்றது. அடுத்தடுத்த பேறுகள் இரும்பைக் குறைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்புச் சத்துள்ள உணவை நாள்தோறும் வாங்குவதற்குக் கூலி போதவேண்டும். இரசாயனம் கூலியை உயர்த்தாது. தேநீரை அறவே விட்டுவிடுமாறு குளிரிலும் மழையிலும் உழைப்போரிடம் சொல்வதற்கும் எனக்கு மனமில்லை. சொல்லக்கூடியது நேரத்தைப் பற்றியே. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்குமாயின், நண்டு வரும்போது இரை அங்கே இராது. எழுந்தவுடன் வெறுந்தேநீர் அருந்தும் வழக்கமுள்ளோர் அதனை முதலில் முடித்துக்கொண்டு, ரொட்டியை நீரோடு பின்னர் உண்ணலாம். சோற்றோடு தேசிக்காய் பிழிந்த சம்பலோ, நெல்லிக்காயோ, கொய்யாப்பழமோ இருந்தால் நன்று. அவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்பை உடல் ஏற்கும் நிலையிலே வைத்திருந்து, துவர்ப்புப் பொருளின் பிடியையும் ஓரளவு தடுக்கின்றது. கருவாட்டிலும் மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பின் ஒரு பகுதி ஏற்கெனவே வேறொரு பெரிய மூலக்கூற்றினுள் பொதிந்திருப்பதால், தேநீர் அதனை அவ்வளவாகத் தொடுவதில்லை.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு மருந்தகத்திலே இரும்பு மாத்திரை கொடுக்கின்றனர். அதனைக் கையிலிருக்கும் தேநீரோடு விழுங்கிவிடுவோர் உண்டு. மாத்திரை கைப்பாதலால் இனிப்புத் தேநீர் எளிதாகத் தோன்றுகின்றது. அவ்வாறு விழுங்கினால் மாத்திரையின் இரும்பிற் கணிசமான பங்கு வீணாகும். கொதித்து ஆறிய நீரோடு, அல்லது தேசிக்காய் பிழிந்த நீரோடு அதனை விழுங்கவேண்டும். தேநீர் ஒரு மணி நேரம் பொறுக்கலாம். கேத்தலை அடுப்போரத்தில் வைத்தால் அதுவரை சூடு ஆறாது.